கணக்கும் கலக்கமும்

நீர்வேலியிலே வாழைக்குலை நிறுக்கும் இடத்திற் சிறிது நேரம் நின்று பார்த்தவர்களுக்கு, கணக்கு என்பது புத்தகத்தில் மாத்திரம் குடியிருப்பதன்று என்பது நன்கு விளங்கும். செம்மண் தோட்டங்களிலிருந்து துவிச்சக்கரவண்டியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலுமாகக் குலைகள் வந்து இறங்கும். தராசு ஒரு பக்கம், கொப்பி ஒரு பக்கம், பேரம் ஒரு பக்கம். நிறை இவ்வளவு, விலை இவ்வளவு, பத்துவீதக் கழிவு போக மிச்சம் இவ்வளவு என்று சொல்லி வாய்மூடுமுன் பணம் கைமாறிவிடும். யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் நெடுங்காலமாய் வழங்கிவந்த இந்தப் பத்துவீதக் கழிவைக் குறித்துக் கமக்காரர் முறையிடுவது தனிக்கதை. அதனை இன்றைக்கு விட்டுவிடுவோம்.

நம்மிடம் பத்தாந் தரத்திற் படிக்கும் மாணவி ஒருத்தியை ஒரு சனிக்கிழமை காலையில் அங்கே கண்டோம். தகப்பனாரோடு வந்திருந்தாள். 18 கிலோ நிறையுள்ள கதலிக்குலை; கிலோ 80 ரூபா; பத்துவீதம் கழிவு. வாங்குபவர் கணிப்பானைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பதற்குள், "ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு" என்றாள் பெண். நமக்கு வியப்பாயிருந்தது. ஏனெனில் முந்திய தவணைப் பரீட்சையிற் கணிதத்துக்கு அவள் பெற்ற புள்ளி 19.

"எப்படிப் பிள்ளை பார்த்தனீர்?" என்று கேட்டோம்.

"பதினெட்டு எண்பது ஆயிரத்து நானூற்று நாற்பது, சேர். அதிலை பத்திலை ஒண்டு நூற்று நாற்பத்திநாலு. கழிச்சால் வந்திட்டுதுதானே" என்றாள், இதிற் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல.

அடுத்த வாரம் வகுப்பிலே ஒரு சிறு சோதனை வைத்தோம். அதிலே வேண்டுமென்றே ஒரு வினாவைப் புகுத்தினோம். "1440 ரூபா விலை குறிக்கப்பட்ட பொருள் ஒன்றுக்கு 10% கழிவு வழங்கப்படின் விற்பனை விலை யாது?" அதே எண்கள், அதே கழிவு. அந்த வினாவுக்கு நேரே அவளுடைய தாள் வெறுமையாயிருந்தது. பிழையான விடைகூட இல்லை. பேனை வைத்த ஒரு புள்ளி மாத்திரம் இருந்தது.

பாடசாலை விட்டபின் அழைத்து விசாரித்தோம். "பாத்தவுடனை ஒண்டும் விளங்கேல்லை, சேர். கண்ணுக்குள்ளை ஒரே வெள்ளையாக் கிடந்தது" என்றாள். சந்தையிற் சொன்ன கணக்கு அல்லவா இது என்று எடுத்துக்காட்டியபோது, சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அழுதாள். அவளைப் பற்றி எழுதுவதற்கு அவளிடமும் பெற்றோரிடமும் அநுமதி பெற்றிருக்கிறோம். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறோம்.

வாசகர்கள் இதனை ஒரு பெண்ணின் விசித்திரம் என்று எண்ண வேண்டாம். பிறேசில் நாட்டின் றெசீபே நகரிலே, தெருவில் இளநீரும் பழமும் விற்ற பிள்ளைகள் ஐவரை மூன்று ஆராய்ச்சியாளர் சோதித்து, 1985இல் முடிபுகளை வெளியிட்டார்கள். வாங்குபவர்போல நின்று விலை கேட்டபோது பிள்ளைகள் சொன்ன விடைகளில் நூற்றுக்கு 98 சரியாயிருந்தன. அதே கணக்குகளைப் பள்ளிக்கூடப் பாணியில் எண்ணுங் குறியுமாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37 மாத்திரமே சரியாயின. தேங்காய் ஒன்று 35 என்றால் பத்துக்கு எவ்வளவு என்ற வினாவுக்கு ஒரு பையன் மும்மூன்றாய்க் கூட்டி 350 என்று சொல்லிவிட்டான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ 35க்குப் பக்கத்தில் ஒரு சைபர் போட்டாற் போதும் என்பான், அவ்வளவே வித்தியாசம். இந்த ஆராய்ச்சி பயத்தை அளந்ததன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால், "இவனுக்குக் கணக்கு மூளை இல்லை" என்று எளிதாய்த் தீர்ப்புச் சொல்லும் நம்போன்ற ஆசிரியர்கள் அந்த 98ஐயும் 37ஐயும் மேசையிலே எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

பயத்தை அளந்தவர்கள் வேறே இருக்கிறார்கள். அமெரிக்காவிற் கணிதம் கற்பித்த மேரி டி லெலிஸ் கொவ் என்னும் கத்தோலிக்க அருட்சகோதரி, 1954இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்நோய்க்குப் பெயரிட்டார். தமிழிற் கணக்கச்சம் எனலாம். 1972இல் றிச்சட்சன், சுவின் என்னும் இருவர் அதனை அளப்பதற்கு 98 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை ஆக்கினர். 2012இற் பல தேசத்து 15 வயது மாணாக்கரைச் சோதித்த பீசா என்னும் பரீட்சையோடு, அவர்களின் மனநிலையும் கேட்டறியப்பட்டது. கணித வகுப்புக் கடினமாயிருக்குமோ என்று அடிக்கடி கவலைப்படுவதாக நூற்றுக்கு 59 பேர் சொன்னார்கள். வீட்டுக்கணக்குச் செய்யும்போது மிகுந்த இறுக்கம் உண்டாகிறது என்றவர்கள் நூற்றுக்கு 33 பேர். யப்பான், கொரியா போன்ற, புள்ளியில் முன்னணியில் நிற்கும் நாடுகளின் பிள்ளைகளிடத்திலும் கலக்கம் மிகுதியாய்க் காணப்பட்டது. ஆகவே கலக்கம் மக்குப்பிள்ளையின் சொத்து அன்று. எங்கே பரீட்சை மலைபோல நிற்கிறதோ அங்கே அதன் நிழலும் நீண்டு விழுகிறது.

நமது குடாநாட்டில் அந்த மலை எப்படி வளர்ந்தது என்பதைச் சற்றுப் பார்க்கலாம். கணக்கென்றால் யாழ்ப்பாணத்தாருக்குப் பெருமை. வட்டுக்கோட்டை செமினரியிற் படித்த விசுவநாதபிள்ளை என்பவர் 1855இலேயே வீசகணிதத்தைத் தமிழில் நூலாக்கித் தந்தார். அவரும், நீர்வேலிக்கு அயலூராகிய சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையுமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். மற்றோர் அயலூராகிய உரும்பிராயிற் பிறந்த செ. சுந்தரலிங்கம் ஒக்ஸ்போர்ட் சென்று கணிதம் கற்றுவந்து, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராய் விளங்கினார். இந்தப் பெயர்களைச் சொல்லி வளர்ந்த சமூகம் நாம். பெருமை தவறன்று. ஆனால் பெருமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு: கணக்கு வராத பிள்ளை இந்த ஊரிலே ஒரு பாடத்தில் மாத்திரம் தவறுவதில்லை; குலத்துக்கே தவறியவன் ஆகிவிடுகிறான்.

அதன்மேல் 1970ஆம் ஆண்டுகளின் தரப்படுத்தல் வந்தது. 1971இற் பேராதனைப் பொறியியற் பீட அனுமதிக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளியும் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளியும் எல்லையாக வகுக்கப்பட்டன. இடையிலுள்ள 23 புள்ளிகளுக்குள் எத்தனையோ வீடுகளின் கனவு விழுந்து மறைந்தது. அன்று முதல் "ஒரு புள்ளி" என்ற சொல் நம் வீடுகளிற் சாதாரணச் சொல்லாயில்லை. பின்பு போர் வந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து நடந்தது. காணியும் வீடும் நிலையில்லை, படிப்பொன்றே கையோடு வரும் என்று அந்தத் தலைமுறை நம்பியது. அந்த நம்பிக்கையைக் குறைசொல்ல நமக்கு மனம் வராது. போத்தல் விளக்கு வெளிச்சத்திலே பின்னமும் சமன்பாடும் செய்தவர்கள் இன்று தாய்தந்தையராய் இருக்கிறார்கள். தம் பிள்ளை மின்விளக்கின்கீழ் இருந்துகொண்டு ஒரு சுருக்கற் கணக்கைப் பிழைவிடும்போது அவர்களுக்கு வரும் கோபம், உண்மையிற் கோபமன்று, பழைய பயம்.

ஒரு புள்ளிக்கு இவ்வளவு வலிமை உண்டா என்று ஐயுறுவோர் கும்பகோணத்துச் சிறுவன் ஒருவனை நினைக்கலாம். எண்கணிதப் பரீட்சையில் 45க்கு 42 பெற்றான். தோழன் ஒருவன் 43 பெற்றுவிட்டான். வெட்கம் தாளாமல் அந்தத் தோழனோடு பேச்சை நிறுத்திவிட்டான் என்று வாழ்க்கை வரலாறு கூறுகிறது. சிறுவனின் பெயர் சீனிவாச இராமானுசன். கணிதத்தையே மூச்சாகக் கொண்ட பிள்ளைக்கு மூன்று புள்ளி குறைந்ததன் வெட்கம் இவ்வளவு என்றால், 19 பெற்ற பிள்ளை வீட்டுப் படலையைத் திறக்கும்போது அதன் நெஞ்சு எப்படி இருக்கும்?

இனி, பயம் மனத்துள் என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். நம் மனத்தில் ஒரு சிறு சிலேற்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்குச் செய்யும்போது இடையிலே வரும் எண்களை அதிலேதான் எழுதி வைத்துக்கொள்கிறோம். 1440ஐ வைத்துக்கொண்டு, அதிற் பத்திலொன்று 144 என்று எழுதி, பிறகு கழிக்க வேண்டும். சிலேற்று பெரிதன்று, மூன்று நான்கு செய்திகளுக்குமேல் இடம் கொள்ளாது. பயந்த பிள்ளையின் சிலேற்றிலே முதலில் எழுதப்படுவது எண்ணன்று. "இதுவும் பிழைக்கப் போகிறது", "சேர் பார்க்கிறார்", "அம்மா என்ன சொல்லுவா" என்ற வாசகங்களே முந்திக்கொண்டு இடம்பிடிக்கின்றன. மிஞ்சிய மூலையில் 1440 எழுதினால் 144க்கு இடமில்லை. 2001இல் அஷ்கிராவ்ற், கேக் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர் செய்த சோதனைகள் இதையே காட்டின: மனத்தில் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொண்டே இனமேற்றிக் கூட்டும் கணக்குகளைக் கொடுத்தபோது, கணக்கச்சம் மிகுந்தவர்கள் அதிகமாய்த் தடுமாறினார்கள். அறிவு குறைந்தமையால் அன்று, இடம் குறைந்தமையால்.

இன்னும் வியப்பான செய்தி ஒன்று 2012இல் வந்தது. சிக்காக்கோவில் லையன்ஸ், பைலொக் என்னும் இருவர், கணக்கச்சம் உள்ளவர்களின் மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் வைத்து ஆராய்ந்தனர். கணக்கு வரப்போகிறது என்று குறி காட்டிய வேளையில், உடல் நோவை உணரும் மூளைப்பகுதி அவர்களிடத்தில் எழுச்சி கொண்டது. கணக்கைச் செய்துகொண்டிருக்கும்போதோ அந்த எழுச்சி இல்லை. நோவு காத்திருத்தலிலே இருக்கிறது, செய்வதில் இல்லை. ஊசி போடும் அறையின் வாசலில் வரிசையாய் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இஃது புதுமையாய்த் தோன்றாது.

புத்தூருக்கு அண்மையில் நிலாவரைக் கிணறு இருக்கிறதல்லவா? அடியில்லாக் கிணறு என்று கேட்டுக் கேட்டே சிறுவயதில் அதன் ஓரத்துக்குப் போக நடுங்கியிருக்கிறோம். அளவுக் கயிறு இறக்கியவர்கள் அதற்கும் அடி உண்டென்று கண்டுவிட்டார்கள். ஆழமான கிணறுதான், ஆயினும் அளவுள்ள ஆழம்.

இவ்விடத்தில் ஒரு தகப்பனார் நம்மை மறிப்பார். "மாஸ்ரர், பயம் இல்லாட்டில் பிள்ளை படிக்காது. நாங்கள் அடிவாங்கித்தானே படிச்சனாங்கள்" என்பார். இந்த வாதத்தை நாம் முற்றாகத் தள்ளிவிடமாட்டோம். 1908இல் யேர்க்ஸ், டொட்சன் என்னும் இருவர் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பாடம் பழக்கிப் பார்த்தார்கள். எளிய பாடத்தை எலி, அதிர்ச்சி பலக்கப் பலக்க விரைவாய்க் கற்றுக்கொண்டது. நுண்ணிய வேறுபாட்டைப் பகுத்தறிய வேண்டிய கடினமான பாடத்திலோ, பலத்த அதிர்ச்சி கல்வியைக் கெடுத்தது. மெல்லிய அதிர்ச்சியே உதவிற்று. வாய்பாடு பாடமாக்கப் பிரம்பு ஒருவேளை உதவியிருக்கலாம். அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் பிரம்புக்கு வசப்படுவனவல்ல. அடிவாங்கிப் படித்தோம் என்று சொல்ல வருகிறவர் படித்தவரே. அடிவாங்கிப் படிப்பை விட்டவர் அதைச் சொல்வதற்குச் சபைக்கு வருவதில்லை.

அப்படி வராத ஒருவனை நாம் அறிவோம். நாம் எட்டாந் தரத்திற் படித்த காலத்திலே ஓர் ஆசிரியர் இருந்தார். எந்தப் பாடசாலை என்பது இங்கு வேண்டியதில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பின்னக் கணக்குக் கேட்பார். நிமிடம் ஒன்றுக்குள் விடை சொல்லாதவர் வாங்கின்மேல் ஏறி நிற்க வேண்டும். நம் பக்கத்து வாங்கிலிருந்த நண்பன் அந்த வருடத்தின் பெரும்பகுதியை வாங்கின்மேலே கழித்தான். கீழே இருந்து அவனைப் பார்த்துச் சிரித்தவர்களில் நாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு அவன் தோற்றவேயில்லை. இன்றைக்கு நல்ல மேசன். அறையொன்றின் நான்கு மூலையையும் ஒரு முறை நடந்து பார்த்து, கல் இத்தனை, சீமெந்து இத்தனை பை என்று சொன்னால் பை ஒன்று கூடாது, ஒன்று குறையாது. ஆனால் மகள் கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்தால், "அம்மாவிட்டைக் காட்டு" என்று எழுந்து போய்விடுகிறான். முப்பது வருடமாகியும் அவன் வாங்கைவிட்டு இறங்கவில்லை.

மாணவியிடத்துக்குத் திரும்புவோம். எப்போது முதல் இந்தப் பயம் என்று பல நாள் மெல்லமெல்லக் கேட்டுவந்தோம். முதலிற் சொல்லவில்லை. ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். எட்டாந் தரத்திலே கரும்பலகையில் ஒரு வீதக் கணக்குச் செய்ய அழைக்கப்பட்டாளாம். தடுமாறியபோது, "இது சின்னக் கணக்கு, இதுகூடத் தெரியாதோ?" என்று ஆசிரியர் கேட்டாராம். வகுப்புச் சிரித்ததாம். அந்த ஆசிரியர் யாரென்று கேட்டோம். பேசாமல் நின்றாள். நாம்தான்.

நமக்கு அந்த நாள் ஞாபகத்தில் இல்லை. எவ்வளவு தேடியும் ஞாபகத்துக்கு வரவில்லை. "சின்னக் கணக்கு" என்ற சொல்லை ஊக்கம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டே இருபது வருடமாய்ச் சொல்லி வந்திருக்கிறோம். எளிதென்று சொன்ன கணக்கைச் செய்து முடித்தவனுக்குப் புகழ் இல்லை. செய்யாதவனுக்கோ இரட்டை அவமானம். இந்தச் சொல்லை வகுப்பிலிருந்து விலக்கிவிட்டோம். இப்போதும் சிலவேளை நாக்கின் நுனிவரை வந்துவிடுகிறது.

ஆசிரியரின் சொல் மாத்திரமன்று, அவருடைய கலக்கமும் தொற்றும். 2010இற் பைலொக்கும் துணைவரும் அமெரிக்காவிற் கீழ்வகுப்பு ஆசிரியைகள் 17 பேரை ஆராய்ந்தார்கள். கணக்கச்சம் மிகுந்த ஆசிரியையிடம் ஒரு வருடம் படித்த பெண்பிள்ளைகளிற் பலர், கணக்கு ஆண்பிள்ளைகளுக்கே உரியது என்ற எண்ணத்தைப் பெற்றுக்கொண்டார்கள். அவ்வாறு எண்ணிய பெண்களின் கணித அடைவும் தாழ்ந்தது. வருடத் தொடக்கத்தில் அந்த வேற்றுமை இல்லை. வீட்டின் கதையும் இதற்கு வேறன்று. கணக்குக்கு அஞ்சும் பெற்றோர், அடிக்கடி வீட்டுக்கணக்குக்கு உதவ முற்பட்டபோது, அவர்களின் பிள்ளைகள் வருட முடிவிற் குறைவாகவே கற்றிருந்தார்கள் என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. உதவி செய்யாதிருந்த, அஞ்சும் பெற்றோரின் பிள்ளைகளிடத்தில் அந்தக் குறை காணப்படவில்லை. எனவே மேலே சொன்ன மேசன் எழுந்து போய்விடுவதுகூட, பக்கத்திலிருந்து பெருமூச்சு விடுவதிலும் பிள்ளைக்கு நல்லதாயிருக்கலாம். ஆனால் எழுந்து போகாமலும் பெருமூச்சு விடாமலும் அவன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மகளைக் கட்டடம் எழும்பும் இடத்துக்கு அழைத்துப்போய், கல்லுக் கணக்கைச் சொல்லிக் காட்டலாம்.

பயத்துக்கு மாற்று நம்பிக்கை என்கிறார்கள். சரி, நம்பிக்கையை எங்கே வாங்குவது? இக்காலத்தில் அதற்கென்று கருத்தரங்குகள் வைக்கிறார்கள். மண்டபம் நிறைந்த பிள்ளைகள் எழுந்து நின்று, "என்னால் முடியும்" என்று மூன்று தரம் கூவுவார்கள். கூவிவிட்டு வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தால் அதே சமன்பாடு அதே இடத்தில் இருக்கும். நமக்கு இவற்றில் மதிப்பு இல்லை. உளவியலாளர் அல்பேட் பண்டூரா 1977 முதல் வற்புறுத்திவந்த கருத்து, தன்னால் முடியும் என்னும் எண்ணத்துக்கு வலிய ஊற்று, தானே செய்து வென்ற அநுபவம் என்பது. அவரும் ஷங்க் என்பவரும் கழித்தலிற் பின்தங்கிய பிள்ளைகளுக்கு 42 பக்கக் கணக்குகளைக் கொடுத்தனர். 1981இல் அதன் முடிபை வெளியிட்டனர். ஒரு பகுதியாரிடம், ஒவ்வொரு முறையும் ஆறு பக்கம் முடிப்பதை இலக்காக வையுங்கள் என்றனர். இன்னொரு பகுதியாரிடம், 42 பக்கத்தையும் கடைசியில் முடித்துவிடுங்கள் என்றனர். வேறு சிலர்க்கு இலக்கே சொல்லவில்லை. கணக்கு ஒன்றே, பக்கம் ஒன்றே. ஆறு பக்க இலக்கைப் பெற்றவர்களே திறத்திலும் நம்பிக்கையிலும் மற்றவர்களை விஞ்சினார்கள். 42 பக்கம் என்ற தூரத்து இலக்கு, இலக்கில்லாமையிலும் பெரிதாய் ஒன்றும் உதவவில்லை.

இதைப் படித்தபோது நமது ரியூசன் கொட்டில்களை நினைத்துக்கொண்டோம். ஓலைக் கொட்டில் தகரக் கொட்டகையாகி, இப்போது மாடிக் கட்டடமாயிற்று. ஒரு வகுப்பில் நூறு பேர், இருநூறு பேர். ஒலிவாங்கியிற் கணக்கு நடக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அதனாற் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பயந்த பிள்ளைக்கு அங்கே கிடைப்பது, விளங்காதவன் தான் ஒருவனே என்ற எண்ணம். இருநூறு பேர் நடுவே எழுந்து "விளங்கவில்லை" என்று சொல்லப் பெரியவர்களுக்கே துணிவு வராது. அமெரிக்காவில், மூன்றாந் தரப் பிள்ளைகளுக்கு எட்டு வாரம் தனித்தனியே இருந்து கற்பித்தபோது அவர்களின் கணக்கச்சம் தணிந்ததை 2015இல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. மூளையில் அச்சத்துக்குரிய பகுதியின் எழுச்சியும் அடங்கிற்றாம். தனியே இருந்து கற்பிக்க எல்லோராலும் செலவழிக்க முடியாது என்பதும் உண்மையே. ஒரு வகுப்பு மேலே படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளை பின்னேரம் அரை மணித்தியாலம் திண்ணையில் வந்து இருந்தாற் போதுமானது. அதற்குக் கட்டணம் இல்லை. முன்னைய காலத்தில் நம் ஊர்களில் அப்படித்தான் நடந்தது.

நாம் அந்த மாணவிக்குச் செய்தது பெரிய காரியமன்று. ஒரு தனிக்கொப்பி கொடுத்தோம். நாள் ஒன்றுக்கு ஆறு கணக்கு. ஏழாவது செய்யக்கூடாது என்று கட்டளை. முதல் நான்கும் அவளால் நிச்சயமாய் முடிவன, ஐந்தாவது சிறிது இழுப்பது, ஆறாவது புதியது. தொடக்கத்திலே எல்லாம் வாழைக்குலை, வெங்காயம், புகையிலை. பிறகு மெல்லக் குலையை எடுத்துவிட்டுப் "பொருள்" என்று எழுதினோம். பிறகு பொருளையும் எடுத்துவிட்டோம். மூன்றாம் வாரத்தில் அவள் தானாகவே, "இது குலைக்கணக்குத்தான், சேர், உடுப்பு மாத்திப்போட்டு வந்திருக்கு" என்றாள். கடிகாரத்தை நாம் மூன்று மாதம்வரை கொண்டுவரவில்லை.

பரீட்சை நாளுக்கென்று ஒரு பழக்கமும் சொல்லிக்கொடுத்தோம். சாதாரண தர வினாத்தாளுக்கு இப்போது பத்து நிமிட மேலதிக வாசிப்பு நேரம் கொடுக்கிறார்கள். பயந்த பிள்ளை அந்தப் பத்து நிமிடத்தையும் கடினமான வினாவைப் பார்த்து நடுங்குவதிலே செலவிட்டுவிடும். அவ்வாறன்றி, தெரிந்த வினாக்களை முதலிற் கண்ணாற் பொறுக்கிக்கொள்ளப் பழக்கினோம். முதலாம் வினாத்தாளின் முதற்பகுதியில் 25 சிறுவினாக்கள் உள்ளன. ஒன்றுக்கு இரண்டு புள்ளி. இரண்டாம் வினாத்தாளில் 12 வினாக்களில் 10க்கே விடை எழுத வேண்டும். இரண்டை விட்டுவிட அரசாங்கமே அநுமதி தந்திருக்கிறது. சாதாரண சித்திக்கு வேண்டியது 35. இந்தக் கணக்கைப் பிள்ளைக்கு எவரும் செய்து காட்டுவதில்லை. நூற்றுக்கு நூறு என்ற ஒன்றையே காட்டுகிறோம். இன்னொன்று: பரீட்சைக்கு முன் பத்து நிமிடம், மனத்திலுள்ள பயத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தீர்த்துவிட்டு மண்டபத்துக்குள் போனவர்கள் நன்றாகச் செய்ததாக 2011இல் றமிறெஸ், பைலொக் என்னும் இருவர் எழுதினார்கள். இது எல்லோரிடத்தும் ஒரே அளவிற் பலிக்கும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் செலவில்லாத மருந்து. நம் மாணவி வேப்பமரத்தடியிலிருந்து எழுதினாள். என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை. தாளைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனதைக் கண்டோம்.

சென்ற தவணைப் பரீட்சையில் அவளுக்கு 41 புள்ளி. தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளிலே தகப்பனார் வந்திருந்தார். தோட்டத்திலிருந்து நேரே வந்தவர். காலிற் செம்மண் இருந்தது. அறிக்கையைக் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"மாஸ்ரர், வகுப்பிலை முதலாம்பிள்ளைக்கு எத்தினை?" என்று கேட்டார்.

நாம் அதைச் சொல்லவில்லை. முந்திய அறிக்கையை எடுத்து, இரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் மேசைமேல் வைத்தோம். அவர் 19ஐயும் 41ஐயும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, வாசலில் நின்ற மகளைக் கூப்பிட்டு, "எத்தினை கூடியிருக்கு, சொல்லு பாப்பம்" என்றார்.

"இருபத்திரண்டு, அப்பா" என்றாள், தாளைப் பாராமலே.